கழு, குளம், துறை: பத்மநாபபுரம் அரண்மனையைச் சொற்களின் வழியே பார்த்தல்

பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றித் தமிழிலும் மலையாளத்திலும் எழுதப்படுவன பெரும்பாலும் மரவேலையைப் பற்றியவை. தாய்க்கொட்டாரத்தின் பலாமரத் தூண், பூமுகத்தின் கூரைச் செதுக்கல், வண்ண அபிரகத் தகடுகள் பதித்த மந்திரசாலைச் சன்னல்கள், முகம் தெரியும் கருந்தரை என்று அந்தப் பட்டியல் நீளும். அவ்வளவும் உண்மை. தச்சர்களின் திறத்தைப் பாராட்டாமல் அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே வர எவராலும் இயலாது. ஆனால் அரண்மனை என்பது தீர்ப்பு வழங்கப்பட்ட இடமும்கூட. வேணாடு திருவிதாங்கூராக மாறிய முப்பது ஆண்டுகளில் இந்த வளாகத்தையும் இதைச் சுற்றிய கோட்டைகளையும் மையமாக வைத்து நடந்த கொலைகளும் தண்டனைகளும் மரத்தில் பதிவாகவில்லை, சொற்களில் பதிவாகியுள்ளன. மொழியியல் பயின்றவள் என்ற முறையில் அந்தச் சொற்களைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன்.

சென்ற மாதம் முதுகலை மாணவர்கள் சிலருடன் திருவனந்தபுரத்திலிருந்து பேருந்தில் சென்றிருந்தேன். தம்பானூரிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையிலேயே இந்த வரலாற்றில் பாதி கிடக்கிறது. நகரத்தின் தென்புறம் கடந்ததும் பள்ளிச்சல் வரும்; எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவரின் ஊர். நெய்யாற்றின்கரையில் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவு என்ற பழைய பலாமரம் நிற்கிறது. பகைவர் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்டவர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழக்காறு. களியக்காவிளையில் மாநில எல்லை. தக்கலையில் இறங்கினால் அரண்மனை நடக்கும் தூரம். மண் தமிழ்நாட்டினுடையது, அரண்மனை கேரளத் தொல்லியல் துறையினுடையது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆகவே அந்த வாயிலைக் கடப்பவர் ஓர் எல்லையையும் சேர்த்தே கடக்கிறார்; மாணவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

ஊரின் பழைய பெயர் கல்குளம். வேளிமலையின் அடிவாரம். 1601ஆம் ஆண்டளவில் இரவிவர்மன் குலசேகரப் பெருமாள் காலத்தில் எழுந்த அரண்மனையை 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் விரித்துக் கட்டினார். ஊரின் பெயரையும் மாற்றினார். 1750 சனவரியில் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்துத் தாம் பத்மநாபதாசராகி ஆண்டார். திருப்படிதானம் என்பது அதன் பெயர். உப்பரிகை மாளிகை அந்தக் காலத்தது. அறுபத்து நான்கு வகை மூலிகை மரத்தால் ஆனது என்று சொல்லப்படும் கட்டில் அதில்தான் இருக்கிறது. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அதனாலேயே இந்த மரக்கட்டடம் பின்வந்தவர்களின் திருத்தங்களுக்குத் தப்பிப் பிழைத்தது என நினைக்கிறேன்.

அறைதோறும் நிற்கும் ஊழியர்கள் பொறுமையாக விளக்குகிறார்கள். ஊட்டுப்புரையில் இரண்டாயிரம் பேர் உண்ணலாம், கருந்தரை சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் செய்தது, இங்கிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்குச் சுரங்கவழி உண்டு. கேட்பவர்கள் தரையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அரண்மனையை ஒட்டிய அருங்காட்சியகத்தில் பழைய கற்சிற்பங்கள், கல்வெட்டுகள், படைக்கலங்கள் ஆகியவற்றுக்கு நடுவே மனித உடலின் வடிவத்தில் வளைத்த ஓர் இரும்புக்கூடும் இருக்கிறது. தலைக்கும் உடலுக்கும் காலுக்கும் அளவெடுத்ததுபோலப் பட்டைகள் வைத்து அடிக்கப்பட்டது. குற்றவாளியை அதற்குள் அடைத்துத் தொங்கவிடுவார்கள். பசியும் வெயிலும் பறவைகளும் மீதியைச் செய்யும். பார்வையாளர்கள் பெரும்பாலும் அதைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறார்கள். மாணவர் ஒருவர் அதற்கு முன் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, 'இதற்குப் பெயர் என்ன?' என்று கேட்டார். சித்திரவதக்கூடு என்றேன். 'நம்முடைய சித்திரவதையா?' என்றார். ஆம், அதே சொல்தான்.

இன்றைய தமிழில் சித்திரவதை என்பது எந்தத் துன்பத்துக்கும் பொதுச்சொல். காவல் நிலையத்தில் நடப்பதும் சித்திரவதை. பல் மருத்துவரிடம் போய்வருவதும் சித்திரவதை. சித்திரம் என்றால் ஓவியம் என்று நினைத்து, 'ஓவியம்போல நுணுக்கமாக வதைப்பது' என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. சொல்லின் பின்னணி வேறு. அர்த்தசாத்திரத்தின் நான்காம் அதிகரணத்தில் மரண தண்டனை இருவகையாகப் பிரிக்கப்படுகிறது: சுத்தம், சித்திரம். வேறொன்றும் சேர்க்காமல் உயிரை மட்டும் எடுப்பது சுத்தம். வதைத்து, பலர் பார்க்கும்படி கொல்வது சித்திரம். சித்திரம் என்ற வடசொல்லுக்குப் பலவகைப்பட்டது, கண்ணைக் கவர்வது என்ற பொருள்கள் ஓவியத்துக்கு முந்தியவை. ஆகவே இது தொடக்கத்தில் உணர்ச்சிச்சொல் அன்று. நீதி நிருவாகத்தின் கலைச்சொல். 'எப்படிக் கொல்வது?' என்ற கேள்விக்கு எழுத்தர் ஒருவர் ஓலையில் குறித்துக்கொள்ளும் இரண்டு விடைகளில் ஒன்று. திருவிதாங்கூரில் அது இந்தக் கலைச்சொற்பொருளை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தது. தமிழ் அதைப் பொதுச்சொல்லாக்கியபோது அரசு நழுவிவிட்டது. துன்பம் மட்டும் மிஞ்சியது.

இனி நிகழ்ச்சிகள். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்க, திருவிதாங்கூர் வரலாறு தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதிகம் இல்லாததால் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

மார்த்தாண்டவர்மருக்கு முன் ஆண்டவர் இராமவர்மர் (1724–1729). மருமக்கள்தாய முறையில் அரசுரிமை சகோதரியின் மகனுக்கே. இராமவர்மரின் சொந்தப் புதல்வர்கள் வலிய தம்பி, குஞ்சுத்தம்பி எனப்பட்ட பப்புத்தம்பியும் இராமன் தம்பியும். தமிழ் வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். தம்பி என்பது திருவிதாங்கூரில் உறவுப்பெயர் அன்று. அரசனின் மகனுக்குரிய பட்டம். மகளுக்குத் தங்கச்சி. மகன் வாரிசாக முடியாத ஒரு முறையில் மகனை 'மகன்' என்று குறிக்காமல் தம்பி என்று குறித்த அந்தப் பெயரிடல் தனியே ஓர் ஆய்வுக்குரியது. தம்பிமார் ஆட்சியுரிமை கோரினார்கள். நாட்டின் வேளாண் நிலத்தையும் கோயில் நிருவாகத்தையும் கையில் வைத்திருந்த பிள்ளைமாரும் மாடம்பிமாரும் அவர்கள் பக்கம் நின்றார்கள் என்பது அரசவை மரபு வரலாறு. 1730களின் தொடக்கத்தில் தம்பிமார் இருவரும் நாகர்கோவில் அரண்மனையில் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்து பிள்ளைமார் பிடிக்கப்பட்டனர். தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். பிராமணரைக் கொல்வது விலக்கு என்பதால் சதியில் சேர்ந்த பிராமணர்கள் சாதி விலக்கி நாடு கடத்தப்பட்டார்கள். வீடுகள் இடித்துக் குளமாக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் கடற்கரை மீனவர்க்கு விற்கப்பட்டனர். பி. சங்குண்ணி மேனன் 1878இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாறு இந்தச் சித்திரத்தை நிலைநிறுத்தியது. 1891இல் வந்த சி.வி. இராமன்பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' நாவல் இதே பகையை மலையாளிகளின் மனத்தில் ஆழப் பதித்தது.

கழக்கூட்டம், செம்பழந்தி, பள்ளிச்சல், வெங்ஙானூர், குடமண், கொளத்தூர், இராமனாமடம், மார்த்தாண்டமடம் என்று எட்டு வீடுகளின் பெயர்களைச் சொல்வார்கள். இவற்றில் சில இன்று திருவனந்தபுரத்தின் பேருந்து நிறுத்தங்கள். காரியவட்டம் வளாகத்துக்குப் போகிற எவரும் கழக்கூட்டத்தை அறிவர். தொழில்நுட்பப் பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் இடம். வீடு போனது, பெயர் இருக்கிறது.

கழு என்ற சொல்லுக்கு வருகிறேன். குற்றவாளியை ஏற்றும் கூரிய மரம் என்ற பொருளைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தருகிறது. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்வதும், அது வரலாறா அன்றா என்ற விவாதமும் தமிழ் மாணவர்க்குப் புதியன அல்ல. தமிழில் கழு இன்று இலக்கியத்திலும் சில கோயில் விழாக்களிலும்தான் வாழ்கிறது. மலையாளத்தில் அது தெருவில் வாழ்கிறது. 'கழுவேறி' என்பது அங்கே வசை. பிள்ளையைத் திட்ட, ஓட்டுநரைத் திட்ட, எதிர்க்கட்சிக்காரனைத் திட்ட அந்தச் சொல் போதும். சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் பொருள் தெரிவதில்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

இதன் இலக்கணம்தான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. தண்டனையின் பெயர் பிறவினையிலிருந்து வருகிறது: கழுவேற்றம். ஒருவன் மற்றொருவனைக் கழுவில் ஏற்றுகிறான். வசையோ தன்வினையிலிருந்து வருகிறது: கழுவேறி. தானே ஏறியவன். ஏற்றியவன் சொல்லிலிருந்து மறைந்துவிட்டான். அரசனும் இல்லை, தீர்ப்பும் இல்லை, கழுவைக் கூர்தீட்டியவனும் இல்லை. கொல்லப்பட்டவனே வினைமுதல். இழிவும் அவனுக்கே. தண்டனைச் சொற்கள் வசையாக மாறும்போது எல்லா மொழிகளிலும் இத்தகைய நகர்வு நிகழக்கூடும். ஆனால் தமிழும் மலையாளமும் தன்வினை பிறவினை வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டுவதால் அந்த நகர்வு இங்கே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

அடுத்தது குளம். மலையாளத்தில் ஒரு குடும்பத்தை அடியோடு அழிப்பதைக் 'குளம்தோண்டுதல்' என்பார்கள். ஒரு வேலையைக் கெடுத்தால் 'எல்லாம் குளமாக்கி' என்பார்கள். அலுவலகத்தில், கிரிக்கெட்டில், தேர்தலில் எங்கும் கேட்கலாம். இந்த மரபுத்தொடர்கள் எட்டுவீட்டார் அழிவிலிருந்தே பிறந்தவை என்று பலர் எழுதுகிறார்கள். ஒரு மரபுத்தொடரை ஒரே நிகழ்ச்சியில் கட்டிவைக்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. தண்டனைக்கே நெடிய மரபு உண்டு. பகைவன் ஊரைக் கழுதை ஏர் பூட்டி உழுவதைப் புறநானூறு பேசுகிறது. முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டில் அவ்வாறே செய்ததாக அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமைப்படுகிறது. இடத்தைப் பாழாக்குவது, அதாவது மனிதர் மறுபடி குடியேற முடியாதபடி நிலத்தின் இயல்பையே மாற்றுவது, நம் அரசர்கள் நன்கறிந்த கலை. உழுத நிலத்திலாவது மீண்டும் வீடு கட்டலாம். தோண்டி நீர் நிறைந்த இடத்தில் கட்ட முடியாது. வேணாட்டின் முறை அந்த வகையில் மேலும் தீர்க்கமானது.

இதில் இன்னொரு குளமும் இருக்கிறது. பிள்ளைமார் ஏன் அழிக்கப்பட வேண்டியவர்கள் என்பதற்குச் சங்குண்ணி மேனன் ஒரு முன்கதை தருகிறார். பதினேழாம் நூற்றாண்டில் உமையம்மை ராணியின் ஆண்மக்கள் ஐவரைப் பிள்ளைமார் திருவனந்தபுரத்துக் களிப்பான்குளத்தில் மூழ்கடித்துக் கொன்றனர் என்பது அது. பின்வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் இதை ஏற்கவில்லை. எனக்குக் கதையின் அமைப்பே போதுமான சான்றாகத் தெரிகிறது. குற்றம் குளத்தில், தண்டனையும் குளம். இளவரசர்கள் நீரில் போனார்கள், ஆகவே பிள்ளைமாரின் வீடுகளும் நீரில் போயின. இவ்வளவு பொருத்தமான நீதி வரலாற்றில் அரிது. கதையில் மிக எளிது. வீடுகள் குளமான நினைவு முதலில் இருந்திருக்க வேண்டும், அதற்கு நியாயம் தேடிய மனம் இன்னொரு குளத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. களிப்பான்குளம் இன்றும் நகரத்தில் ஓர் இடப்பெயர். அந்தப் பெயரைக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் இளவரசர் ஐவர் நினைவுக்கு வருகிறார்கள். கழக்கூட்டத்துக் குளம் எது என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது துறை. பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரைக்கு அனுப்பிய தண்டனையைத் துறயேற்றம் என்பர். தமிழில் எழுதினால் துறையேற்றம். மறுபடியும் அதே 'ஏற்று'. கழுவில் ஏற்றுவதும் துறையில் ஏற்றுவதும் ஒரே வினையால் சொல்லப்படுகின்றன. கீழே தள்ளும் இரு செயல்களுக்கு மேலே தூக்கும் வினை வாய்த்திருக்கிறது. வகுப்புக்கு இது நல்ல எடுத்துக்காட்டு என்று நினைத்து, ஊட்டுப்புரைக்கு வெளியே நிழலில் அமர்ந்து மாணவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரைச் சிற்றூரிலிருந்து வரும் மாணவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'அக்கா, எங்க வீட்டுக்கு அனுப்புறதுதான் தண்டனையா?' என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. குறிப்பேட்டை மூடாமல், அடுத்த ஐயத்தைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

அந்தக் கேள்வியை நம் வரலாற்று நூல்கள் கேட்டதில்லை. நாகம் ஐயாவின் 1906ஆம் ஆண்டு மாநிலக் கையேட்டிலிருந்து இன்றைய வலைக் கட்டுரைகள் வரை, 'பெண்கள் மீனவர்க்கு அளிக்கப்பட்டனர்' என்ற செய்தி தண்டனையின் உச்சமாக எழுதப்படுகிறது. விளக்கம் ஏதும் தேவைப்படுவதில்லை. வாசகரும் அது இழிவு என்பதை ஏற்றுக்கொண்டுதான் வாசிக்கிறார். அதாவது அந்தத் தொடர் இயங்குவதற்குக் கடற்கரை மக்கள் இழிந்தோர் என்ற முன்முடிவு தேவை. 18ஆம் நூற்றாண்டு அரசனுக்கு அந்த முன்முடிவு இருந்ததில் வியப்பில்லை. 21ஆம் நூற்றாண்டு ஆய்வேட்டில் அது எந்தக் கருத்துரையும் இல்லாமல் இருப்பதுதான் வியப்பு. பூந்துறை, வலியதுறை என்று துறையைப் பெயரிலேயே தாங்கிய ஊர்கள் திருவனந்தபுரத்துக் கரையில் வரிசையாக இருக்கின்றன. அந்த ஊர் மக்களிடம் 'அப்படி யாரேனும் வந்தார்களா, வந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், அவர்களைப் பற்றி உங்கள் வீடுகளில் என்ன சொல்வார்கள்?' என்று கேட்டுத் தொகுத்த ஆய்வு ஒன்றையும் நான் கண்டதில்லை. அவர்கள் இந்த வரலாற்றில் ஒரு தண்டனைக் கருவி. கழுமரத்துக்கு என்ன இடமோ அதே இடம். கழுமரத்திடம் யாரும் பேட்டி எடுப்பதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சங்குண்ணி மேனன் தரும் செய்தி விற்பனை பற்றியது. துறையேற்றம் என்ற சொல்லில் விற்பனை இல்லை. விற்றவன் இல்லை, விலை இல்லை, அடிமை என்ற சொல் இல்லை. கரையில் ஏற்றினார்கள், அவ்வளவுதான். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதுவரை ஆள் விற்பனை அங்கே ஓர் அன்றாட வணிகம். பிள்ளைமார் வீட்டுப் பெண்களின் கதை நமக்கு அதிர்ச்சி தருவது அவர்கள் விற்கப்பட்டதாலா, அல்லது உயர்சாதியினராக இருந்து விற்கப்பட்டதாலா? புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டதற்குத் தனியாக ஒரு சொல் உருவாகவில்லை. அது இயல்பாக இருந்தது. இயல்பானவற்றுக்குக் கலைச்சொல் தேவைப்படுவதில்லை. என் ஆய்வேட்டில் இனி 'துறையேற்றப்பட்டனர்' என்று எழுதாமல் 'விற்கப்பட்டனர்' என்றே எழுதுவதாக இருக்கிறேன். நெறியாளர் என்ன சொல்வாரோ தெரியாது.

பிராமணரின் தண்டனையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாதி விலக்கும் அந்த மரபிலிருந்து 'படியடைத்துப் பிண்டம் வைத்தல்' என்ற தொடர் மலையாளத்தில் நிலைத்திருக்கிறது. இன்று கட்சியிலிருந்து ஒருவரை நீக்கினால் செய்தித்தாள்கள் அதைத்தான் எழுதுகின்றன.

இவையெல்லாம் வென்றவர் பக்கத்துச் செய்திகள். தோற்றவர் பக்கமும் ஒன்று உண்டு. அது தமிழில் இருக்கிறது. தென்திருவிதாங்கூரில் வில்லுப்பாட்டாகப் பாடப்பட்ட தம்பிமார் கதையில் பகையின் காரணம் அரசுரிமை மட்டும் அன்று. அரசன் தம்பிமாரின் தங்கையை மணம் பேசிக் கேட்கிறான். அதிலிருந்து எல்லாம் தொடங்குகிறது. தம்பிமார் வஞ்சகமாகக் கொல்லப்படுகிறார்கள். தங்கையும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அரசவை வரலாறு சதிகாரர் என்று எழுதியவர்களைப் பாட்டு வீரர் என்கிறது. குமரி மாவட்ட நாட்டார் சமயத்தில் இப்படித் திடுமென மாண்டவர்கள் தெய்வமாவது இயல்பு. அவர்களுக்குப் பாட்டும் படையலும் உண்டு. எது நடந்தது என்பதை வில்லுப்பாட்டைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. சங்குண்ணி மேனனைக் கொண்டும் முடியாது. இரண்டும் ஒப்புக்கொள்வது ஒன்றே: தம்பிமார் இருவரும் நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள்.

நினைவைக் காப்பதற்கு நிறுவனம் வேண்டும் என்பதற்கு அருகிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அரண்மனையிலிருந்து சிறிது தூரத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 ஆகஸ்டு 10 அன்று குளச்சலில் டச்சுப்படை தோற்றபின் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவராக மாறிய டிலனாய் 1777இல் இறந்து அங்கே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறைக் கல்வெட்டு இலத்தீனிலும் தமிழிலும் இருக்கிறது. மாணவர்கள் அதைத்தான் வெகுநேரம் நின்று படித்தார்கள். டிலனாயிடமிருந்து கிறித்தவம் அறிந்து 1745இல் திருமுழுக்குப் பெற்ற அரசப் பணியாளர் நீலகண்டபிள்ளை, தேவசகாயம் பிள்ளை. 1749இல் கைதானார், எருமையின் மீதேற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டார், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்குக் காரணம் மதமா, அரசவைப் பூசலா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அவர் பெயரும் நாளும் இடமும் உறுதியாகத் தெரியும். கோட்டாறு ஆலயத்தில் கல்லறை உண்டு. 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார். தம்பிமாருக்குப் பாட்டு கிடைத்தது, தேவசகாயத்துக்குத் திருச்சபை கிடைத்தது. துறைக்குப் போன பெண்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

இப்படி எழுதினால் இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, இவை கீழைநாட்டுக் கொடுங்கோன்மை என்ற பழைய காலனியக் குரலுக்கு வலுச்சேர்க்கும் என்பது. மார்த்தாண்டவர்மர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1757 மார்ச்சில், பாரிசு நகரின் நடுவே தாமியன் என்பவன் குறடுகளால் கிழிக்கப்பட்டுக் குதிரைகளால் இழுத்துப் பிளக்கப்பட்டான். மிசேல் பூக்கோவின் நூல் தொடங்குவதே அந்தக் காட்சியில்தான். அரசர்கள் உடலை வைத்து ஆண்ட காலம் அது. ஐரோப்பாவுக்கு விலக்கு இல்லை. ஆங்கிலேயர் மேலாண்மைக்கும் விலக்கு இல்லை. 1809இல் மண்ணடியில் உயிர் மாய்த்துக்கொண்ட வேலுத்தம்பி தளவாயின் உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். தலைமை ஆளுநர் மிண்டோ பிரபுவே அதைக் கண்டித்தார். கல்குளத்துக்கு அருகில் தலக்குளத்திலிருந்த அவருடைய வீடு இடிக்கப்பட்டு, அங்கே வாழையும் ஆமணக்கும் நடப்பட்டன. புறநானூற்றுக் கழுதை ஏருக்கும் இந்த ஆமணக்குக்கும் நடுவே எத்தனை நூற்றாண்டுகள்! அதே வேலுத்தம்பி தாம் அதிகாரத்துக்கு வந்த நாட்களில் தம் எதிரிகளின் காதுகளை அறுக்கச் செய்தவர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மற்றொன்று, மார்த்தாண்டவர்மர் இல்லையேல் திருவிதாங்கூர் இல்லை என்பது. உண்மைதான். ஏ.பி. இப்ராகிம் குஞ்ஞு 1976இல் அவரைப் பற்றி எழுதிய நூலுக்குத் திருவிதாங்கூரின் எழுச்சி என்றே பெயர். சிதறிக்கிடந்த சிற்றரசுகளை இணைத்ததும், நிலவரி முறையை ஒழுங்குபடுத்தியதும், ஐரோப்பிய வணிகக் குழுமமொன்றைக் களத்தில் தோற்கடித்ததும் சிறு செயல்கள் அல்ல. அந்த அரசு உருவானதற்குக் கொடுக்கப்பட்ட விலையைக் கணக்கெழுதுவதால் அந்தச் செயல்கள் குறைந்துபோகா.

கணக்கெழுதச் சான்றுகள் வேண்டுமே என்பீர்கள். அவை திருவனந்தபுரத்திலேயே இருக்கின்றன. கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகில் உள்ள மைய ஆவணக்காப்பகத்தில் மதிலகம் ஆவணங்கள் உட்படப் பெருந்திரளான ஓலைகள் சுருணைகளாகக் கிடக்கின்றன. வட்டெழுத்து, மலையாண்மை, கோலெழுத்து, தமிழ் எனப் பல எழுத்துகளில். 2022இல் அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அந்தக் கட்டடம் ஆவணக்காப்பகம் ஆவதற்கு முன் சிறையாக இருந்தது. இந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். தமிழ் படித்த மாணவர்க்கு வட்டெழுத்தும் கோலெழுத்தும் சில மாதப் பயிற்சியில் கைவரும். மலையாள மாணவரைவிட அவர்களுக்கு இது எளிது என்றே சொல்வேன். தண்டனை, அபராதம், ஆள் விற்பனை தொடர்பான சொற்களை மட்டும் இந்த ஓலைகளிலிருந்து தொகுத்தால் ஒரு முனைவர் பட்டத்துக்கு மேலாகவே பொருள் இருக்கும்.

கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலும் நெய்யாற்றின்கரை வட்டாரத்திலும் கடற்கரையிலும் வாழும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். குளம்தோண்டுதல், துறையேற்றுதல் ஆகிய தொடர்கள் உங்கள் வீட்டுப் பேச்சுத்தமிழில் வழங்குகின்றனவா, வழங்கினால் எந்தப் பொருளில், எந்த வாக்கியத்தில், சொன்னவரின் வயது என்ன என்று கீழே எழுதுங்கள். குளமாகிப்போன வீடுகளைப் பற்றி ஊரில் பேச்சு இருந்தால் அதையும் எழுதுங்கள். கடற்கரையிலிருந்து வரும் செய்திகளை அந்த மாணவி தொகுக்கிறாள். தன் பாட்டியிடமிருந்து தொடங்கியிருக்கிறாள். அரண்மனைக்குப் போக நினைப்பவர்கள் திங்கட்கிழமை போக வேண்டாம், அன்று விடுமுறை. அருங்காட்சியகத்துக்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள்.